சக்கர நாட்டுக்கும் பிரேக் நாட்டுக்கும் நடுவே நாற்பத்திரண்டு அடி

இரண்டு வல்லரசுகளுக்கு நடுவே உள்ள தூரம் நாற்பத்திரண்டு அடி. நானே டேப் பிடித்து அளந்திருக்கிறேன். மழை பெய்தால் நாற்பத்தெட்டு. நடுவில் தேங்கும் தண்ணீரைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும்.

ஆவடிக்கு வெளியே ஒரு தனியார் கம்பெனி யார்டில் எனக்கு முதல் வேலை கிடைத்தது. அங்கே ஒரு ரயில் வண்டி தயாராகிக்கொண்டிருந்தது. மனிதர்கள் ஏறிப் போகிற வண்டி இல்லை. தண்டவாளத்தின் மேல் மெதுவாக ஊர்ந்து, எங்கே விரிசல், எங்கே தேய்மானம் என்று கண்டுபிடித்துச் சொல்லும் வண்டி. அதற்குச் சக்கரங்கள் ஒரு பெரிய நாட்டிலிருந்து வந்தன. பிரேக்குகள் இன்னொரு பெரிய நாட்டிலிருந்து. ஆர்டர் கொடுத்த காலத்தில் அந்த இரண்டு நாடுகளும் தோளில் கை போட்டுக்கொண்டு போட்டோவுக்கு நின்றன. பெட்டிகள் கப்பலில் வந்துகொண்டிருந்தபோது என்னவோ ஆகிவிட்டது. தூதர்களை ஊருக்குக் கூப்பிட்டுக்கொண்டார்கள். ஒருவர் பொருளுக்கு மற்றவர் தடை போட்டார். பெட்டிகளுக்கு இந்தச் சங்கதி தெரியாததால் ஒரே வாரத்தில் இரண்டும் ஆவடிக்கு வந்து சேர்ந்து பக்கத்துப் பக்கத்தில் இறங்கிக்கொண்டன.

நாடுகளின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. யார்டிலும் யாரும் சொன்னதில்லை. சக்கர நாடு, பிரேக் நாடு, அவ்வளவுதான். அந்தந்த நாட்டு இன்ஜினியர் ஒருவர் பொருளோடு வந்திருந்தார். ஒருவர் சக்கரக்காரர், இன்னொருவர் பிரேக்காரர். இருவருக்கும் ஆளுக்கொரு கன்டெய்னர் அறை, ஆளுக்கொரு ஏசி, நடுவே அந்த நாற்பத்திரண்டு அடி. எதிர்த் தரப்போடு பேசக் கூடாது, எழுதக் கூடாது என்று இருவருக்கும் தலைமையகத்திலிருந்து கண்டிப்பான உத்தரவு.

இதில் ஒரு சிக்கல். சக்கரமும் பிரேக்கும் பேசிக்கொள்ளாவிட்டாலும் வண்டி ஓடிவிடும். நிற்காது.

ஆகவே கம்பெனி ஒரு மூன்றாம் தரப்பைத் தேடியது. நான் டிப்ளமோ முடித்துவிட்டு அம்பத்தூர் எஸ்டேட்டில் கேட் கேட்டாக நின்று பயோடேட்டா கொடுத்துக்கொண்டிருந்த காலம் அது. இன்டர்வியூவில் மேனேஜர் என்னிடம் மெக்கானிக்கலில் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் அப்படியே போய்ச் சொல்வாயா என்று கேட்டார். சொல்வேன் சார் என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

வேலையின் பெயர் தொடர்பு உதவியாளர். ஒரு வருடம் முடித்தால் நிரந்தரம். வீடு இருக்கும் நூம்பலுக்குத் திரும்பும் பஸ்ஸில் வேலை ஆர்டரை நான்கு முறை படித்தேன். நான்காவது முறைதான் கடைசி வரி கண்ணில் பட்டது. ‘இரு தரப்பினரும் நேரடியாகப் பேசிக்கொள்ளும் நிலை ஏற்படும் நாளில் இந்தப் பணியிடம் முடிவுக்கு வரும்.’ அதாவது, இரண்டு வல்லரசுகள் முழுசாக ஒரு வருடம் முறைத்துக்கொண்டிருந்தால் எனக்கு நிரந்தர வேலை. நடுவில் சமாதானம் வந்தால் நான் மறுபடியும் எஸ்டேட் கேட்டில்.

எங்கள் குடும்பத்தில் கைநாட்டு வைக்காத முதல் ஆள் நான். அம்மா காட்டுப்பாக்கத்தில் மூன்று ஃபிளாட்டுகளில் சமைக்கிறார். என் ஐடி கார்டை மூன்று வீட்டிலும் காட்டிவிட்டு வந்தார். ஆர்டரை ஜெராக்ஸ் கடையில் கொடுத்து லேமினேட் போட்டு, சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். கடைசி வரியும் அதிலேயேதான் இருந்தது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அம்மா கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

எட்டாம் வகுப்பில் உலக சமாதானம் பற்றிக் கட்டுரை எழுதி டிபன் பாக்ஸ் பரிசு வாங்கியவன் நான். அந்த ஒரு வருடம் மட்டும் அதைக் கொஞ்சம் ஒத்திப்போடும்படி வேண்டிக்கொண்டேன்.

வேலை இப்படி. ஒருவர் தன் அறையில் வாயால் சொல்லுவார். நான் கேட்டுக்கொண்டு, வெளியே வந்து சீட்டில் இங்கிலீஷில் எழுதி, நடந்து போய் மற்றவரிடம் நீட்டுவேன். அவர் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டு என்னிடமே திருப்பித் தருவார். எதிராளியின் செய்தி உள்ள தாளைத் தன் அறையில் வைத்துக்கொள்ள இருவருக்கும் அனுமதி கிடையாது. அதனால் சீட்டுகள் எல்லாம் மேனேஜரிடம் போய்விடும். அவர் சனிக்கிழமைதோறும் கட்டாகக் கையெழுத்துப் போட்டு ஃபைலில் கோத்துவிடுவார். யார் என்ன சொன்னார் என்பதற்கு உலகத்தில் அது ஒன்றுதான் சாட்சி.

முதல் நாள் பிரேக்காரர் எனக்குக் கொடுத்த செய்தி: ‘உங்கள் அளவு தவறு. நான்கு மணிக்குள் சரியான அளவைக் கொடுங்கள்.’ அவர் நெட்டையான மனிதர். பேசும்போது பென்சிலைச் சீவிக்கொண்டே பேசுவார். நான் சரி என்று வெளியே வந்தேன். பத்து அடி நடந்ததும் கால் தயங்கியது.

எங்கள் தெருவில் யாரும் யாரிடமும் இப்படி ஆரம்பிக்க மாட்டார்கள். கொடுத்த ஏணியைத் திருப்பிக் கேட்கப் போகிறவரும், சாக்கடையை அடைத்தவனின் சட்டையைப் பிடிக்கப் போகிறவரும், முதலில் சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டுத்தான் காரியத்துக்கு வருவார்கள். சட்டையைப் பிடிப்பது அதற்கடுத்து. சாப்பிடாதவன் என்றால் நாளைக்குத் தள்ளிவைத்ததும் உண்டு. முன்பின் தெரியாத ஒரு மனிதரிடம் போய், அதுவும் மதியம் ஒன்றேகாலுக்கு, உன் அளவு தவறு என்று எப்படி நீட்டுவது? அவர் நம் ஊரைப் பற்றி என்ன நினைப்பார்?

சீட்டின் தலையில் எழுதினேன்: ‘நீங்கள் சாப்பிட்டுவிட்டீர்களா என்று அவர் கேட்கிறார்.’ அதற்குக் கீழே அளவுச் சமாச்சாரம்.

சக்கரக்காரர் குட்டையானவர், தடித்த கண்ணாடி. சீட்டை இரண்டு முறை படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்து, “அவரா கேட்டார்?” என்றார்.

நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம். அப்படி ஆட்டுவதற்கு நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

யோசித்து யோசித்துப் பதில் சொன்னார். “சாப்பிட்டேன். அளவு சரிதான். அவருடைய கருவிதான் தவறு.” நான் திரும்பும் வழியில் இதை ஒழுங்குசெய்தேன். அவர் சாப்பிட்டுவிட்டார், நீங்கள் சாப்பிட்டீர்களா என்று கேட்கிறார், அப்புறம் உங்கள் கருவியைக் கொஞ்சம் பார்க்கச் சொல்கிறார். பிரேக்காரரின் கையில் பென்சில் பாதிச் சீவலில் நின்றது. நாலு மணிக்கு வர வேண்டிய அளவு மூன்றரைக்கே வந்தது. நான் ஏதோ பெரிய காரியம் செய்துவிட்டதாக எனக்குத் தோன்றியது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் இருவருக்கும் நான் கொண்டுபோன முதல் சீட்டில் அந்த வரி இருந்தது. கேட்டது எதிராளிதான் என்று இருவருமே நினைத்தார்கள். மேனேஜர் அதைப் பார்த்திருப்பார். இங்கிலீஷில் கடிதம் எழுதும் முறை என்று எடுத்துக்கொண்டார்போல.

இதைக் கண்டுபிடித்த ஒரே ஆள் எங்கள் கிரேன் ஆபரேட்டர். அம்பத்தூர்க்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நாள் முழுக்கத் தலைக்கு மேலே உட்கார்ந்திருப்பதால் யார்டில் நடப்பது எல்லாம் அவருக்குத் தெரியும். காலையில் என்னைப் பார்த்ததும், “இன்னா மாமே, இன்னிக்கு எந்த நாட்டுக்குப் பயணம்? பாஸ்போட்டு எடுத்துகினியா?” என்பார். தண்ணீர் தேங்கிய இடத்துக்கு அவர் வைத்த பெயர் சர்வதேசக் கடல். ஒரு நாள் டீ குடிக்கும்போது என் கையிலிருந்த சீட்டைப் பிடுங்கிப் படித்தார். அவருக்கு இங்கிலீஷ் என்னைவிட நன்றாகத் தெரியும், வெளிநாட்டில் நாலு வருடம் கிரேன் ஓட்டியவர். படித்துவிட்டு டீயைக் கீழே வைத்தார்.

“அவுங்க ஊர்ல துன்னுறத எவனும் கேக்க மாட்டான் மாமே. கேட்டா, நீ ஏன்டா கேக்குறன்னு கேப்பான்.”

நான் நம்பவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்பதில் யாருக்கு என்ன கோபம் வரப்போகிறது என்று நினைத்தேன்.

மூன்றாம் மாதம் சக்கரக்காரர் என்னை உட்காரச் சொன்னார். அதற்கு முன் அவர் அப்படிச் சொன்னதில்லை. தன் மதிய உணவு எங்கிருந்து வருகிறது என்று பிரேக்காரருக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன். எத்தனை மணிக்கு வருகிறது என்று? அதுவும் தெரியாது. பெருமூச்சு விட்டார். எதிர்த் தரப்பு தினமும் என் உணவைப் பற்றி விசாரிக்கிறது என்று அவர் தன் தலைமையகத்துக்கு ஒழுங்காக எழுதிவந்திருக்கிறார். அங்கே ஒரு மேலதிகாரிக்கு இது தூக்கத்தைக் கெடுத்துவிட்டது. கடையை வாரம் ஒருமுறை மாற்று, நேரத்தை மாற்று, கேட்டால் சாப்பிட்டேன் என்று மட்டும் சொல், என்ன சாப்பிட்டாய் என்று சொல்லாதே. இதுதான் உத்தரவு. பாவம், அந்த மனிதர் ஆவடி ரோட்டில் இருந்த ஒரே உருப்படியான கடையை விட்டுவிட்டு ஒவ்வொரு வாரமும் வேறு வேறு பிரியாணி தின்றுகொண்டிருந்தார்.

அதே வாரம் பிரேக்காரரும் கதவைச் சாத்திவிட்டு ஒன்று கேட்டார். “இரவு உணவைப் பற்றி அவர் ஏதாவது கேட்டாரா?” இல்லை, மதியம் மட்டும்தான் என்றேன். அவருக்கு நிம்மதி. அவர் தலைமையகம் வேறு மாதிரி. எதிர்த் தரப்பில் இளக்கம் தெரிகிறது, நாமும் அதே அளவுக்கு இளகலாம், கூடவும் வேண்டாம் குறையவும் வேண்டாம் என்று எழுதியிருந்தார்களாம். அவர்கள் மதியத்தைக் கேட்டால் நாமும் மதியத்தை மட்டும்.

நான் எழுதிய ஒரு வரி இரண்டு கடல் தாண்டிப் போய் இரண்டு கட்டடங்களில் உட்கார்ந்திருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அதைவிட ‘இளக்கம்’ என்ற சொல்தான் பயமுறுத்தியது. இவர்கள் இளகி இளகிப் பேசிக்கொள்ள ஆரம்பித்துவிட்டால்? லேமினேட் போட்ட ஆர்டரின் கடைசி வரி கண்முன் வந்து நின்றது. என் வேலைக்கு நானே உலை வைத்துக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த நாள் அந்த வரியை எழுதவில்லை. அளவு மட்டும், தேதி மட்டும்.

சக்கரக்காரர் சீட்டைப் புரட்டிப் பின்பக்கம் பார்த்தார். ஒன்றும் இல்லை. கையெழுத்துப் போடவில்லை. பிரேக்காரர் தன் சீட்டைப் படித்துவிட்டு, வரைபடத்தைச் சுருட்டி அலமாரியில் பூட்டினார். எதிர்த் தரப்பு திடீரென்று மௌனமானதன் காரணம் தெரியும் வரை வேலை நடக்காது என்று இரண்டு அறையிலிருந்தும் தனித்தனியாகச் செய்தி வந்தது. முழுசாக இரண்டு நாள் யார்டு படுத்துவிட்டது. கிரேன் ஆபரேட்டர் மேலேயிருந்து இறங்கி வந்து என் எதிரில் குந்தினார்.

“இன்னா, சோறு கேக்குறத நிறுத்திட்டியா?”

தலையை ஆட்டினேன்.

“கேட்டாலும் உனக்கு வேல பூடும், கேக்காட்டியும் பூடும். கேட்டுட்டுப் பூட்டா அவுங்களாச்சும் துன்னுவாங்க” என்று சொல்லிவிட்டு மறுபடியும் மேலே ஏறிப் போனார். மூன்றாம் நாள் காலை சீட்டில் அந்த வரியை எழுதினேன். பத்து நிமிடத்தில் வரைபடம் வெளியே வந்தது.

ஆறாம் மாதம் ஒரு புதன்கிழமை சக்கரக்காரர் முதல்முறையாக ‘இல்லை’ என்று பதில் சொன்னார். புதுக்கடைப் பிரியாணி ஒன்று அவரை இரவெல்லாம் உட்காரவைத்திருந்தது. நான் அதை அப்படியே கொண்டுபோனேன், ஒரு மாறுதலுக்கு. பிரேக்காரர் எழுந்து நின்றுவிட்டார். ஆம் என்ற பதிலுக்குத்தான் அவருக்கு உத்தரவு இருந்தது. இல்லை என்றால் என்ன செய்வது என்று யாரும் எழுதி அனுப்பவில்லை. அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். கடைசியில் தன் பையிலிருந்து சூப் டின் ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். அவர் நாட்டிலிருந்தே கொண்டுவந்தது.

சக்கரக்காரர் அதைத் தொடவில்லை. எதிர்த் தரப்புப் பொருளை வாங்கலாமா என்று தலைமையகத்தைக் கேட்டார். பதில் வருவதற்குள் வயிறு தானாகவே சரியாகிவிட்டது. வாங்கலாம், ஆனால் உண்ணக் கூடாது, சம எடையில் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று பதில் வந்தது. போல்ட் நட்டு நிறுக்கும் தராசில் அந்த டின்னை நான்தான் நிறுத்தேன். அதே எடைக்கு அவர் தன் நாட்டு மீன் டின் ஒன்றைக் கொடுத்தார், சற்று குறைந்ததால் மேலே ஒரு சாக்லேட். சூப் டின் ஒரு ஜன்னலிலும் மீன் டின் எதிர் ஜன்னலிலும் ஒன்றையொன்று பார்த்தபடி உட்கார்ந்தன. சாக்லேட் என்ன ஆனது என்று சொல்ல மாட்டேன். நாற்பத்திரண்டு அடி நடப்பவனுக்கும் பசிக்கும்.

ஒன்பதாம் மாதம் அது வந்தது. கேட்டுக்கு எதிரே டீக்கடை டிவியில் இரண்டு தலைவர்கள், வேறெங்கோ மூன்றாவது ஊரில், கேமராவைப் பார்த்துச் சிரித்தபடி கையை விடாமல் குலுக்கிக்கொண்டிருந்தார்கள். கடையில் யாரும் கவனிக்கவில்லை. நான் மட்டும் டம்ளரைப் பிடித்தபடி நின்றேன். பக்கத்தில் வந்து நின்ற கிரேன் ஆபரேட்டரும் பார்த்தார். வழக்கமாக ஏதாவது சொல்லிச் சீண்டுகிறவர், அன்றைக்கு என் டீக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டுப் போனார். அதிலேயே தெரிந்துவிட்டது.

இரண்டு நாளில் இருவருக்கும் கடிதம் வந்தது. இனி நேரில் பேசலாம். அன்று மதியமே சோதனை ஓட்டத்துக்கான கூட்டறிக்கையில் இருவரும் உட்கார்ந்து கையெழுத்துப் போட வேண்டும். கான்ஃபரன்ஸ் அறையைத் துடைத்து, தண்ணீர் பாட்டில் வைத்து, நாற்காலி போட்டதும் நான்தான். நிரந்தரத்துக்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது. கதவைச் சாத்திவிட்டு வெளியே ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

முதல் ஐந்து நிமிடம் தண்ணீர் பாட்டில் திறக்கும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு சக்கரத்துக்கும் பிரேக் கட்டைக்கும் நடுவே விட வேண்டிய இடைவெளி பற்றிப் பேச்சு வந்தது. இரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம். அதே இரண்டு மில்லிமீட்டரை நான் ஒன்பது மாதமாகச் சோறு தண்ணியோடு சுமந்து போய் வந்துகொண்டிருந்தேன், யாருக்கும் கோபம் வந்ததில்லை. இப்போது அது வெறுமனே மேசையில் விழுந்தது. குரல் ஏறியது. உங்கள் அளவு தவறு. உங்கள் கருவி தவறு. நாற்காலி தரையில் தேயும் சத்தம்.

அப்போது பிரேக்காரர் சொன்னது கதவுக்கு வெளியே தெளிவாகக் கேட்டது. “ஒன்பது மாதம் தினமும் நான் சாப்பிட்டேனா என்று கேட்டீர்கள். இன்றைக்கு நேரில் வந்து இப்படியா பேசுகிறீர்கள்?”

“நானா?” என்றார் சக்கரக்காரர். “கேட்டது நீங்கள்.”

கதவு மெதுவாகத் திறந்தது. ஒரு நெட்டை முகமும் அதன் தோளுக்குக் கீழே ஒரு தடித்த கண்ணாடியும் ஒன்றாக என்னைப் பார்த்தன. இரண்டு நாடுகளும் ஒரே திசையில் பார்த்தது அதுதான் முதல் தடவை.

எழுந்து நின்றேன். ஏன் செய்தேன் என்று கேட்டார்கள். எங்கள் ஊரில் அது இல்லாமல் பேச்சை ஆரம்பிக்க முடியாது என்று என் இங்கிலீஷில் சொன்னேன். வேறு என்னென்ன சேர்த்தாய் என்றார் சக்கரக்காரர். ‘தயவுசெய்து’ என்ற சொல்லை எல்லா இடத்திலும் சேர்த்தேன், ‘முட்டாள்தனம்’ என்பதை இரண்டு இடத்தில் எடுத்துவிட்டேன் என்று ஒப்புக்கொண்டேன். முட்டாள்தனம் என்று யார் சொன்னது என்று இருவரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள். ஆளுக்கொரு தடவை என்றேன். கதவு மறுபடியும் மூடிக்கொண்டது.

ஒரு மணி நேரம் உள்ளே பேசினார்கள். இந்த முறை சத்தம் இல்லை, ஒரு தடவை சிரிப்புபோல ஏதோ கேட்டது. கதவு திறந்து ஒட்டிய உறை ஒன்றை நீட்டினார்கள். இரண்டு நாடுகளும் சேர்ந்து எழுதிய முதல் கடிதம். மேனேஜருக்கு. என்னைப் பற்றி. அதைக் கொண்டுபோய்க் கொடுக்க வேறு ஆள் இல்லாததால் என்னிடமே கொடுத்தார்கள்.

மேனேஜர் அறை யார்டின் அந்தக் கோடியில். நூம்பலுக்கு நடந்தே போய்விட்டதுபோல இருந்தது அந்தத் தூரம். கிரேன் மேலேயிருந்து, “இன்னா மாமே, தபாலா?” என்று குரல் வந்தது. நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. அம்மா அந்த லேமினேட்டை எடுத்து எங்கே வைப்பார் என்றுதான் யோசித்துக்கொண்டு போனேன்.

மேனேஜர் திருநெல்வேலிக்காரர். வேலைக்காக வந்து இருபது வருடமாகியும் பேச்சில் இன்னும் மெட்ராஸ் ஏறவில்லை. உறையைக் கிழித்துப் படிக்க ஆரம்பித்தவர், முதல் வரியிலேயே நின்று, கடிகாரத்தைப் பார்த்தார்.

“என்னடே இது? இந்தக் கடிதம் வரும்போது நான் மதியம் சாப்பிட்டிருப்பேன்னு நம்புதாங்களாம். மணி அஞ்சாச்சு.”

நம் ஊர் வழக்கம் அதுதான் என்று அவர்களே முடிவுசெய்து எழுதியிருக்கிறார்கள். அதற்குக் கீழே விஷயம் இருந்தது. தொடர்பு உதவியாளர் செய்திகளில் தானாகச் சேர்த்தும் நீக்கியும் எழுதியிருக்கிறார், நடவடிக்கை எடுக்க வேண்டும். மேனேஜர் முழுவதும் படித்துவிட்டு, பழைய சீட்டு ஃபைலை இறக்கச் சொன்னார். தூசி தட்டி, புரட்டிப் புரட்டிப் பார்த்தார். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

“ஒன்னைய வெளிய அனுப்பணும்னா, நீ எழுதினது தப்புன்னு நான் எழுதணும்” என்றார் ஒருவழியாக. “தப்புன்னு எழுதிட்டா, ஒன்பது மாசச் சீட்டும் தப்பு. அளவு, தேதி, அவங்க கையெழுத்து, என் கையெழுத்து, எல்லாம். மறுபடி முதல்ல இருந்து அளக்கணும். அதுவர வண்டிக்கு எவன் காத்துக் கெடப்பான்?”

அவர் ஃபைலை மூடினார்.

“அதனால நீ தப்பு பண்ணல. புரியுதா? பண்ணியிருந்தா நாம எல்லாரும் பண்ணியிருக்கோம்.”

புரிந்தது. கான்ஃபரன்ஸ் அறைக்குப் போய் அதையே அவர் அவர்களிடமும் சொன்னார், கொஞ்சம் மரியாதையான வார்த்தைகளில். ஒன்பது மாத அளவை மறுபடியும் எடுப்பது என்றதும் இருவர் முகமும் வெளுத்தது. இருவருக்கும் ஊரில் குடும்பம் இருந்தது. புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அதோடு ஒரு வேண்டுகோளும் வைத்தார்கள்: சோதனை ஓட்டம் முடியும் வரை நேரடியாகப் பேச அனுமதி இருந்தாலும், பேசாமல் இருக்க விரும்புகிறார்கள். முன்புபோலவே சீட்டு வழியாக. நேரில் பேசிய முதல் அரை மணி நேரத்தில் ஒன்பது மாதம் முடித்த வேலையில் பாதியைக் கிட்டத்தட்டக் கெடுத்துவிட்டோம் என்று இருவரும் ஒப்புக்கொண்டார்கள். நேரடியாகப் பேசிக்கொள்ளும் நிலை இன்னும் ஏற்படவில்லை என்று மேனேஜர் குறிப்பு எழுதி என் ஃபைலில் வைத்தார்.

இரண்டு மில்லிமீட்டரில் ஆளுக்கு ஒன்றை விட்டுக்கொடுத்தார்கள். வண்டி யார்டின் சோதனைத் தண்டவாளத்தில் ஓடி, நிற்க வேண்டிய சுண்ணாம்புக் கோட்டுக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. அந்த ஒரு சாண் யாருடையது என்று அதற்கப்புறம் ஒரு வாரம் சீட்டு எழுதினேன்.

பன்னிரண்டாம் மாதம் நிரந்தர ஆர்டர் வந்தது. கடைசி வரி அதில் இல்லை. அம்மா அதையும் லேமினேட் போட்டு, பழையதன் மேலேயே மாட்டினார்.

மேனேஜர் ஒன்று மட்டும் மாற்றினார். இனி கையால் சேர்க்கக் கூடாது என்பதால் சீட்டையே புதிதாக அச்சடித்தார். மேலே இடது மூலையில் இரண்டு கட்டங்கள்: உணவு உண்டாயிற்று, உண்ணவில்லை. அனுப்புகிறவர் ஒன்று, வாங்குகிறவர் ஒன்று டிக் போட வேண்டும். இப்போது வேறு வண்டி, வேறு இரண்டு நாடுகள், அவர்களுக்குள் என்ன தகராறு என்று எனக்கு இன்னும் சரியாகத் தெரியாது. காலையில் வந்ததும் டிக் போட்டுவிட்டுத்தான் வேலையை ஆரம்பிக்கிறார்கள்.

சீட்டைக் கொண்டுபோகிறவனுக்கும் ஒரு கட்டம் போடலாமே என்று போன வாரம் கேட்டுப் பார்த்தேன். அடுத்த அச்சில் பார்ப்போம் என்றார் மேனேஜர்.